மாப்பிள்ளையின் பிக்கப்

அந்தப் பட்டறைக்கு வண்டி கொண்டுவருபவர்கள் கீழே இறங்கியதும் ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்கள். தரையில் கிடந்த எண்ணெய்க்குப் பயந்து அல்ல, மெக்கானிக்கின் கைக்குப் பயந்து. அவனுக்கு ஊரில் வழங்கிய பெயர் இடி. முன்பல் போன ஒரு லாரி ஓட்டுநர் வைத்த பெயர் அது. “மின்னலாவது முன்னாடி வரும். இவன் மின்னாமலே இடிக்கிறான்” என்று அந்த ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஓட்டுநரும் அடுத்த மாதமே கிளட்சு மாற்ற இவனிடம்தான் வந்தார். வேலை அப்படி.

இடிக்கு இடது காது கேட்காது. அவனுடைய அப்பா லேத் ஓட்டியவர். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. இரும்பைக் கடையும்போது அவ்வளவு பொறுமை. மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தால் கையில் ஏதாவது இருக்கும். பெரும்பாலும் அறுந்துபோன ஃபேன் பெல்ட். ஒரு நாள் பெல்ட் கைக்கு அகப்படாமல் வெறும் கையால் அறைந்தார். பையனின் காதில் மணி அடித்தது, பிறகு அடிக்கவேயில்லை.

அப்பாவின் சத்தம் கேட்டால் அவனும் தங்கையும் பட்டறை மூலையில் ஸ்டாண்டில் ஏற்றிவைத்திருந்த பழைய ஜீப் என்ஜினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பயத்தை மறக்க ஏதாவது பேச வேண்டுமே. எதிரில் இருந்தது என்ஜின்தான். இது டிஸ்ட்ரிபியூட்டர், இங்கேயிருந்து நாலு கேபிள் நாலு பிளக்குக்குப் போகும், வரிசையாகப் போகாது, ஒண்ணு மூணு நாலு ரெண்டு, அந்த முறையில்தான் தீ விழும். தங்கை அதை மூச்சுக்குள்ளேயே முணுமுணுப்பாள். ஒண்ணு மூணு நாலு ரெண்டு. வெளியே அம்மா அடிவாங்கும் சத்தம் நிற்கும்வரை முணுமுணுப்பாள்.

மீசை அரும்பிய வயதில் ஒருநாள் அவன் அந்த பெல்ட்டை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கித் திருப்பி அடித்தான். அப்பா தரையில் விழுந்து, எழாமல், அவனை அண்ணாந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் யாரையும் தொடவில்லை. அதில் பையன் படித்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: அடித்தால் வேலை நடக்கிறது. ஸ்பேனரைப் போல அதையும் கையோடு வைத்துக்கொண்டான்.

கல்யாணமான புதிதில் மனைவியிடமும் அந்த ஸ்பேனரை எடுத்துப் பார்த்தான். அவள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அப்படியே தூக்கி அவன் காலில் கொட்டிவிட்டு, “இன்னொரு தடவைன்னா தலையில ஊத்துவேன்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை அலம்பப் போய்விட்டாள். பாதத்தின் தோல் உரிந்து, செருப்புப் போட முடியாமல் நொண்டிக்கொண்டே வேலை பார்த்தான். அன்றோடு வீட்டுக்குள் அவன் கை ஓங்கியதில்லை. வெளியே மட்டும் ஓங்கினான்.

தங்கையைக் கட்டிக்கொண்டவன் பழைய இரும்பு ஏற்றிப் போகிற பிக்கப் வைத்திருந்தான். இடி அவனை மாப்பிள்ளை என்பான், அவன் இடியை மச்சான் என்பான். கல்யாணத்தன்று, “மச்சான், உங்க பேரைக் கேட்டாலே எனக்கு உதறுது” என்று மாப்பிள்ளை சிரித்தான். இடிக்கு அது பிடித்திருந்தது. தன்னை நினைத்து நடுங்குகிறவன் தங்கையைத் தொடமாட்டான் என்று கணக்குப் போட்டான். நடுங்குகிறவன்தான் வீட்டுக்குள் போய் யாரையாவது நடுங்க வைக்கத் தேடுவான் என்பது அவனுக்கு அன்று தோன்றவில்லை.

பிக்கப் முதன்முதலாகக் கோளாறாகி வந்தது ஒரு காலை நேரம். தெருமுனையில் திரும்பும்போதே டப், டப் என்று வெடித்தது. பக்கத்து வெல்டர் கண்ணாடி முகமூடியைத் தூக்கிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். பட்டறை வாசலில் பிரேக் போட்டதும் வண்டி இருமிக்கொண்டு அணைந்தது. மாப்பிள்ளை இறங்கி டயரை உதைத்தான். பிறகு கதவை உதைத்தான். கதவில் ஏற்கனவே அப்படிப்பட்ட பள்ளங்கள் நிறைய இருந்தன.

“ஓடுறப்ப ஓடுது மச்சான். காலை எடுத்தா செத்துப்போகுது. மேல வாய் வழியா வேற வெடிக்குது.”

இடி ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து முனையை என்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டான். காது போனதிலிருந்து அவன் கேட்பது எலும்பால்தான். வால்வு சரி. பேரிங் சரி. இன்லெட் குழாய்ப் பக்கம் வந்தபோது உஸ்ஸென்று ஒரு சீறல். கார்புரேட்டருக்குக் கீழே பொருந்தியிருக்க வேண்டிய ரப்பர் குழாய் கழன்று, அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. காற்று கூடினால் பெட்ரோல் குறைவு, பெட்ரோல் குறைந்தால் தீ மெதுவாகப் பிடிக்கும், வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டிருந்து மேல் வழியாக வெடிக்கும். குழாயை மாட்டி, வளையத்தை இறுக்கினான். வண்டி பூனை மாதிரி உறுமியது.

“வயசான வண்டி. நடுக்கத்துல கழண்டிருக்கும்” என்றான். வளையத்தின் திருகு கழலவில்லை, கழற்றப்பட்டிருந்தது. அதைப் பார்த்தான். யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் மணிக்கட்டில் கட்டு இருந்தது.

“குளியலறையில வழுக்கிட்டேண்ணே.”

மாப்பிள்ளை இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்காத காது அவன் பக்கம் இருந்தது. இடி தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்வைக்கு எட்டியதைக் கை வரைக்கும் வரவிடாமல் பார்த்துக்கொண்டான். இது நிஜமென்றால் தான் என்ன செய்வான் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அதனால் நிஜமாக இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

இரண்டாவது முறை வந்தபோது வெடிப்பு பின்பக்கம். சைலன்சர் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்திருக்கிறான். மாப்பிள்ளை இறங்கிப் போய் அவன் வண்டிக் கண்ணாடியை ஜாக் கம்பியால் உடைத்துவிட்டு வந்திருந்தான். அதைச் சொல்லும்போதும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இடி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே பாயிண்ட் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தன. விலகிச் சேர இடைவெளி இல்லாவிட்டால் பொறி சரியாக வராது, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய்ச் சூட்டில் வெடிக்கும். இடைவெளி வைக்கிற திருகு தளர்ந்திருந்தது. அதன் காடியில் புதிதாக ஒரு கீறல் பளபளத்தது.

“யாராவது இதைத் திறந்தாங்களா மாப்பிள்ளை?”

“என் வண்டில கை வச்சா, வச்ச கையை ஒடிச்சிருவேன். அது எல்லாருக்கும் தெரியும்.”

இடி இடைவெளியைச் சரிசெய்து, திருகை இறுக்கிக் கொடுத்தான். சைலன்சரை வெல்டர் பற்றவைத்தார். மாப்பிள்ளை கிளம்பிப் போனான், சத்தமில்லாமல்.

மூன்றாவது முறை பிக்கப் தானாக வரவில்லை. ஒரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. மாப்பிள்ளையின் புருவம் கருகி, நெற்றியிலும் வலது கையிலும் தோல் சிவந்து கொப்புளம் போட்டிருந்தது. பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டதாம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டருக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே, வழியே போன ஒருவனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருக்கிறான். உள்ளேயிருந்து தீ பீறிட்டு முகத்தில் அடித்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணிக்கொடுத்தவனை அந்தக் கையாலேயே குத்திவிட்டானாம்.

இடி பானெட்டைத் தூக்கினான். ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. கேபிள்களை விரலால் தொட்டுக்கொண்டே போனான். ஒன்றாவது பிளக்குக்குப் போகவேண்டியது நாலாவதில் இருந்தது. நாலாவது ஒன்றில். இரண்டும் அழுத்தமாக, ஒழுங்காக மாட்டியிருந்தன. குழாய் நடுக்கத்தில் கழலலாம். திருகு தளரலாம். ஒரு கேபிள் தானே கழன்று, நடந்துபோய், இன்னொரு பிளக்கில் ஏறி உட்காராது. செய்தவருக்கு முறை தெரியும். எதை மாற்றினால் வண்டி கிளம்பும், ஆனால் ஏற்றம் ஏறாது என்றும் தெரியும்.

ஒண்ணு மூணு நாலு ரெண்டு.

அவன் பானெட்டுக்குள்ளேயே குனிந்தபடி கேட்டான். “எங்க போய்ட்டிருந்த மாப்பிள்ளை?”

“வேறெங்க. உன் தங்கச்சி சித்தி வீட்டுக்கு ஓடிட்டா. மூணாவது தடவை. போய் முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வரலாம்னு கிளம்பினேன். இந்தச் சனியன் பாதியில நின்னுடுச்சு. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். நீ சரி பண்ணிக் குடுப்பே, அப்புறம் போய்க் கூட்டிட்டு வருவேன்.”

அதை அவன் மச்சானுக்கு நன்றி சொல்வதுபோலச் சொன்னான்.

இடியின் கை சக்கர ஸ்பேனரின் மேல் இருந்தது. அந்த நிமிடம் அவன் நிமிர்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஏன் நிமிரவில்லை என்று பின்னாளில் வெல்டர் கேட்டபோது, “சித்தி வீட்டுக்குப் போற வழி மட்டும்தான் தலைக்குள்ள ஓடுச்சு” என்றான். “நாளைக்கு வா மாப்பிள்ளை, பெரிய வேலை” என்று அனுப்பிவைத்தான்.

சித்தி வீட்டில் தங்கை கூடத்துத் தரையில் சுவருக்கு முதுகு கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் சாயவில்லை என்று அவன் கேட்கவில்லை. சித்தி அவளுடைய ரவிக்கையின் பின்பக்கத்தை விலக்கிக் காட்டினாள். ஃபேன் பெல்ட்டின் தடம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“கொன்னுடறேன்” என்றான்.

“உட்காரு.”

“இன்னிக்கே போய்...”

“உட்காருண்ணே. உனக்கு வேற ஒண்ணும் தெரியாதா?” தங்கையின் குரல் உயரவேயில்லை. “நான் ரெண்டு தடவை அவனை நடுரோட்டுல நிறுத்தினேன். ரெண்டு தடவையும் நீ சரி பண்ணிக் குடுத்தே. குழாயை மாட்டினே, அவன் வந்தான், கை ஒடைஞ்சுது. பாயிண்ட் வச்சே, வந்தான், இது. அந்தத் திருகைப் பார்த்தப்ப உனக்கு ஒண்ணும் தோணலியா?”

அடிவாங்கி அவனுக்குப் பழக்கம், இதை வாங்கிப் பழக்கமில்லை.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றான் கடைசியில்.

“சொன்னா நீ அவனை அடிப்பே. நீ உள்ள போவே. அவன் ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா என்கிட்ட வருவான். அப்ப யாரு இருப்பா?” அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். “டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கணும், ஸ்டேஷன்ல குடுக்கணும், சித்தி பொண்ணு இருக்கிற ஊருக்குப் போகணும். அது வரைக்கும் அந்த வண்டி நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

மறுநாள் காலை இடி பிக்கப்பின் என்ஜினைச் செயின் போட்டுத் தூக்கி வெளியே எடுத்தான். ஹெட்டைக் கழற்றினான். பிஸ்டன்களை உருவினான். கார்புரேட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தட்டில் பரப்பினான். ஒவ்வொரு போல்ட்டையும் அவன் கழற்றிய வேகத்தைப் பார்த்த வெல்டர், ஒரு ஆட்டை உரிப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது என்றார். மதியத்துக்குள் சாக்குகளின் மேல் அந்த என்ஜின் ஒரு பிணத்தின் உள்ளுறுப்புகள் மாதிரி கிடந்தது.

மாப்பிள்ளை வந்தான். நெற்றியில் களிம்பு.

“வண்டி எங்க மச்சான்?”

“இங்கதான். முழுசா இருக்கு. ஒண்ணாத்தான் இல்ல.”

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சாக்குகளைப் பார்த்தான், இடியின் முகத்தைப் பார்த்தான். அவன் முட்டாள் அல்ல.

“அவளைப் பார்த்தியா நீ?”

“எப்பச் சேர்ப்பேன்னு தெரியாது. சாமான் கிடைக்கணும்.”

முதல் அடி வாயில் விழுந்தது. இடி பின்னால் போய்ச் சுவரில் மோதினான். இரண்டாவது வயிற்றில். அவன் கைகள் இரண்டையும் பின்னால் கோத்து, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே நசுக்கிக்கொண்டான். மாப்பிள்ளை தரையில் கிடந்த சக்கர ஸ்பேனரை எடுத்தான். தோளில் ஒன்று, காறை எலும்பு முறிந்த சத்தத்தை இடி வழக்கம்போல எலும்பால் கேட்டான். விலாவில் ஒன்று. முழங்காலில் ஒன்று. டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இடி அடிவாங்குவதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் போய் விலக்குவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

“உனக்கு என்னய்யா ஆச்சு?” என்று வெல்டர் கத்தினார். “திருப்பிக் குடுய்யா.”

இடி ரத்தத்தைத் துப்பிவிட்டு, “வண்டி இன்னிக்கு ஆகாது மாப்பிள்ளை” என்றான்.

மாப்பிள்ளைக்கு மூச்சு இரைத்தது. இத்தனை பேர் முன்னால் இடியையே அடித்துவிட்டோம் என்ற மிதப்பு அவன் முகத்தில் ஏறியது. குனிந்து, கேட்கிற காதாகப் பார்த்துச் சொன்னான்.

“உன் தங்கச்சியும் இப்படித்தான். எவ்வளவு அடிச்சாலும் சத்தமே வராது. ஏதோ முணுமுணுத்துக்கிட்டே கிடப்பா.”

பின்னால் கோத்திருந்த கை எப்போது பிரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு அடி. முறியாத கையால். மாப்பிள்ளையின் தாடை ஒரு பக்கமாகப் போக, அவன் பின்னால் தடுமாறி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதற்காக வெட்டியிருந்த குழிக்குள் மல்லாந்து விழுந்தான். விளிம்பின் இரும்புச் சட்டத்தில் இடுப்பு மோதியது. கீழே போனவனிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. இடி குழியின் விளிம்பில் வந்து நின்றான். கையில் இப்போது ஸ்பேனர் இருந்தது. ஒருமுறை ஓங்கினான். மேலே தூக்கிய கையை வெல்டர் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். டீக்கடைக்காரர் காலைக் கட்டிக்கொண்டார். அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவன் இரண்டு முறை குழிப்பக்கம் நகர்ந்தான். பிறகு முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில்தான் ஏற்றினார்கள்.

தங்கை மருத்துவமனைக்கு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை. அவன் நன்றியை எதிர்பார்க்கவில்லை என்றாலும், எதையோ எதிர்பார்த்தான்.

“நான் கேட்டது வண்டி நிக்கணும்னு” என்றாள். “ஆள் நிக்கணும்னு கேக்கல. இப்ப அவனுக்கும் ஒரு கேஸ் கிடைச்சிருச்சு.”

“அவன் சொன்னது உனக்குத் தெரியாது.”

“தெரியாம என்ன. என்கிட்ட தினம் சொன்னதுதானே.”

அவள் சொன்னபடியே ஆயிற்று. டாக்டர் எழுதிக் கொடுத்தது, ஸ்டேஷனில் கொடுத்தது எல்லாம் இருந்தும், மாப்பிள்ளையின் வக்கீல் குழியையும் இடுப்பையும் பற்றியே பேசினார். முதலில் அடித்தது யார் என்று சொல்ல வெல்டரும் டீக்கடைக்காரரும் வந்தார்கள். “இவர் இதற்குமுன் யாரையாவது அடித்திருக்கிறாரா?” என்று வக்கீல் கேட்டதும் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். இடிக்குச் சிறை. மாப்பிள்ளைக்கும் சிறைதான், ஊன்றுகோலோடு. தங்கைக்கு விவாகரத்து கிடைக்க அதற்குமேலும் காலம் பிடித்தது.

சித்தி பெண்ணின் ஊருக்கு அவள் போகவில்லை. இழுத்துக்கொண்டு போக வருகிறவன் உள்ளே இருக்கும்போது எதற்கு ஓட வேண்டும் என்றாள். அண்ணன் மனைவியும் அவளும் சேர்ந்து பட்டறையைத் திறந்தார்கள். அண்ணி வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டாள். “பொம்பளை என்னத்தை ரிப்பேர் பண்ணப்போறா” என்று பேசியவர்களிடம், “புருஷன் இருந்தா உங்களை அறைஞ்சிருப்பாரு. நாங்க அந்த வேலை செய்யறதில்ல, அதனால தைரியமா கிட்ட வந்தே நில்லுங்க” என்பாள். தங்கை வண்டிகளைப் பார்த்தாள். முதலில் பிளக், பாயிண்ட், கார்புரேட்டர். பிறகு எல்லாமே.

இடி வெளியே வந்தபோது இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கனமான எதையும் தூக்க முடியாது. பட்டறையில் அவனுக்குக் கிடைத்த வேலை பிடிப்பது, நீட்டுவது. கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் தங்கையைப் பார்த்து விரலை ஆட்டிப் பேசியபோது இவன் எழுந்துபோய்த் தகரக் கதவைக் குத்தி, தன் விரலையே உடைத்துக்கொண்டான். கட்டுப்போட்ட டாக்டர் கதவுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

ஒரு மத்தியானம் எதிர்ப்பக்க நடைபாதையில் மாப்பிள்ளை வந்து நின்றான். உடம்பு ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கையில் ஊன்றுகோல். பட்டறையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அண்ணி அடுப்பங்கரைப் பக்கம் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். இடியின் கை தானாகவே எதையோ தேடித் தரையைத் துழாவியது.

தங்கை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். தெருவைக் கடந்து அவன் முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் நின்றாள். ஏதோ சொன்னாள். நிறையச் சொல்லவில்லை. அவன் தலை குனிந்து கேட்டான். பிறகு ஊன்றுகோலை நகர்த்தி, மெதுவாகத் திரும்பி நடந்தான். அவன் தெருமுனை தாண்டும்வரை அவள் அங்கேயே நின்றாள். திரும்பி வந்தவள் ஏற்கனவே துடைத்த கையை இன்னொரு முறை துடைத்ததை இடி பார்த்தான்.

“என்ன சொன்ன அவன்கிட்ட?”

“உனக்கு எதுக்கு.” அவள் மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்தாள். “அந்த ஜாக்கை இந்தப் பக்கம் தள்ளுண்ணே. ஆடுது.”

அவன் தள்ளினான்.